வெள்ளைச் சேலையைப் பார்த்தா சிரிக்காங்க: நம்ம பக்கத்துப் பேய்க்கதை மரபைக் குறும்படத்தில் எப்படிக் கையாள?

பனையடி:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 15 நிமிஷக் குறும்படம் ஒண்ணு எழுதிட்டு இருக்கோம். களம், நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில ஒரு பனங்காட்டுப் பாதை. கதை ரொம்ப எளிசு. அக்கா வீட்டுல ராத்திரிச் சாப்பாடு முடிச்சுட்டு, தூக்குச்சட்டியில ஆட்டுக்கறிக் குழம்பு வாங்கிக்கிட்டு ஒருத்தன் பைக்ல ஊருக்குத் திரும்புதான். வழியில ஒண்ணு கூடவே வருது.

சிக்கல் இதுதான். வெள்ளைச் சேலை, விரிச்ச முடி, கொலுசு, மல்லிகைப்பூ வாசம், ஊளையிடுற நாய் எல்லாத்தையும் பேய்க் காமெடிப் படங்கள் எடுத்துத் தீர்த்தாச்சு. கொலுசு கேட்டதுமே சனம் சிரிக்குது. ஆனா இதே சங்கதியை ஆச்சிமார் திண்ணையில சொன்னா இன்னைக்கும் முதுகு சிலிர்க்கு. அப்போ இந்த அடையாளங்களை விட்டுடணுமா, மாத்தணுமா? பேயை எத்தனையாவது நிமிஷம் காட்டலாம்? கையில இருக்கிறது ஒரு கேமரா, ஒரு எல்இடி பேனல், ஒரு ரெக்கார்டர், நாலு ராத்திரி. சுடலைமாடன் கோயில் பீடமும் மகுடம்கிற பறையோட சத்தமும் ஒரு காட்சியில வச்சா நல்லா இருக்கும்னும் ஒரு யோசனை. தெரிஞ்சவங்க விவரமா சொல்லணும்.

பொருநைக்கரை:

தம்பி, வெள்ளைச் சேலையை விட வலுவான பொருள் உங்க கதையிலேயே இருக்கு: தூக்குச்சட்டி. ராத்திரி கறி கொண்டு போனா பேய் அண்டாம இருக்க மேலே ஒரு கரித்துண்டோ இரும்பாணியோ வேப்பிலையோ போட்டுத்தான் கொடுத்தனுப்புவாங்க. ஆச்சி கதை பயமுறுத்துவது இந்த மாதிரி விதிகளை வச்சுத்தான். உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போகாதே, புளியமரத்தடியில் படுக்காதே, ராத்திரி யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது குரலுக்குத்தான் பதில் சொல்லு. கதை கேட்கிறவனுக்கு முதலில் விதி தெரியும். பிறகு அந்த விதி உடையப்போகிற நேரம் நெருங்குவதும் தெரியும். உருவம் வருவதற்கு முன்னாடியே அவன் பாதி பயந்திருப்பான். காமெடிப் படங்கள் விதியை விட்டுட்டு உருவத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. விதி இல்லாத பேய் வெறும் வேஷம், அதனாலதான் சிரிப்பு வருது.

விதி எப்படி உடையணும் என்பதில்தான் கைத்திறன். நாயகன் திமிரில் மீறினா பார்க்கிறவன் "உனக்கு வேணும்" என்று விலகி உட்கார்ந்துடுவான். பழையனூர் நீலி கதையைப் பாருங்க. பழையனூர் வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம்தான், ஆனா நம்ம பக்கத்து இசக்கியம்மன் வில்லுப்பாட்டிலும் கள்ளிக்கொம்பு குழந்தையாகிற அதே கூறு இருக்கு. வணிகன் கையில் காப்பாக ஒரு கத்தி. எதிரே பேய், அவன் மனைவி உருவத்தில், இடுப்பில் கள்ளிக்கொம்புக் குழந்தையோடு. "இவ என் பொண்டாட்டி இல்லை, பேய்" என்று அவன் கதறுகிறான். ஊர் வேளாளர் எழுபது பேரும் இரக்கப்பட்டு, உன் உயிருக்கு நாங்க பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கி வச்சுக்கிட்டு, இரண்டு பேரையும் ஒரே இடத்தில் தங்க வைக்கிறாங்க. விடிஞ்சா அவன் பிணம். அவங்களும் வாக்குக்காகத் தீயில் இறங்குறாங்க. காப்பைப் பறிச்சது கெட்டவன் இல்லை, நல்லவங்க. இத்தனை நூற்றாண்டா இந்தக் கதை தேயாம இருக்கிறதுக்கு அதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

உங்க படத்துக்கு இதை இப்படிக் கொண்டு வரலாம். முதல் நிமிஷம்: அக்கா சட்டியை மூடிக் கையில் கொடுத்துடுறா. அவன் வண்டியை உதைக்கும்போது "நில்லுடே" என்று திரும்ப ஓடி வந்து, மூடியைத் திறந்து ஒரு கரித்துண்டைப் போட்டு மூடுறா. எதுக்குன்னு வசனம் வேண்டாம். விதி தெரிஞ்சவனுக்கு அது போதும். தெரியாதவனுக்கும், மூடின சட்டியை மறுபடி திறந்து போடுற அளவுக்கு அது முக்கியம்னு அந்தக் கை சொல்லிடும். ஐந்தாவது நிமிஷம் டீக்கடை. கடைக்கார அம்மா சட்டி ஒழுகுதேன்னு துடைச்சுக் கொடுக்க வாங்கி, "எந்தச் சிறுக்கி குழம்புல கரியைப் போட்டா" என்று எடுத்து வீசிடணும். பின்னணி இசை கூடாது, கரித்துண்டுக்கு அண்மைக் காட்சியும் கூடாது. அடுப்படி வேலையோடு வேலையாக அது நடந்து போகணும்.

அதுக்குப் பிறகு மூன்று அறிகுறி. முதலாவதுக்கு இயல்பான காரணம் இருக்கணும், இரண்டாவதுக்குக் காரணம் சந்தேகமா இருக்கணும், மூன்றாவதுக்குக் காரணமே இருக்கக்கூடாது. இடைவெளியும் குறைஞ்சுக்கிட்டே வரணும். ஆறாவது நிமிஷம் ஒண்ணு வச்சா அடுத்தது எட்டரை, அதற்கடுத்தது பத்து. சம இடைவெளியில் வச்சீங்கன்னா பார்க்கிறவன் தாளம் பிடிச்சு முன்கூட்டியே தயாராயிடுவான். எனக்குத் தோன்றிய மூன்றாவது அறிகுறி: சட்டியின் எடை குறையுது. கைப்பிடியில் தொங்குற சட்டி முதலில் ஆடாம நிற்கும், பிறகு பள்ளத்தில் லேசா ஆடும், கடைசியில் காலிச்சட்டி மாதிரி அடிச்சு ஆடும். மூடி திறக்கவே இல்லை. இதுக்குப் பணச்செலவு கிடையாது. இரண்டு கிலோ மணல் போட்ட சட்டி, அரைக்கிலோ போட்டது, வெறுஞ்சட்டி, மூணே மூணு.

பாதையில் சுமைதாங்கிக் கல் ஒண்ணு வைங்க. இரண்டு நட்டுக்கல், மேலே ஒரு படுக்கைக்கல். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணுக்காக நடுவது, தலைச்சுமையைத் துணையில்லாமல் இறக்கி வைக்கிற உயரம் இருக்கும். வண்டி நின்றுபோன இடத்தில் அவன் எதுவும் அறியாம சட்டியை அதன் மேல் வைக்கட்டும். நம்ம ஊர்ப் பார்வையாளன் அங்கேயே மூச்சைப் பிடிச்சுடுவான்.

ஒலித்தடம்:

பொருநைக்கரை சொன்னதோடு முழுக்க ஒத்துப் போகிறேன். ஒலிப் பக்கம் நான் சொல்கிறேன்.

கொலுசு பயம் தராததற்குக் காரணம், அது அறிவிப்பு ஆகிவிட்டது. "இதோ பேய்" என்று ஒலியே சொல்லிவிட்டால் பார்வையாளனுக்குத் தேட வேலையில்லை. அதற்குப் பதிலாக நம் வயல்காட்டில் இயல்பாகவே ஒரு காவலாளி இருக்கிறது: ஆட்காட்டிக் குருவி. ராத்திரியில் ஆளோ நாயோ பக்கத்தில் நடந்தால் அது கத்தும். அவன் வண்டியை நிறுத்தி அசையாமல் நிற்கிறான்; பின்னால் நூறு அடி தள்ளி ஆட்காட்டி கத்துகிறது. சிறிது நேரம் கழித்து ஐம்பது அடியில் இன்னொன்று. அவ்வளவுதான். மூன்றாவது முறை போடாதீர்கள், உத்தி என்று தெரிந்துவிடும். குளத்துக்கரையில் விடிவதற்கு முன் போனால் சுத்தமான பதிவு கிடைக்கும்.

பேர் சொல்லிக் கூப்பிடுகிற விதியையும் விடாதீர்கள். முதல் நிமிஷத்தில் அக்கா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அதே ஒலிப்பதிவை, வேறு டேக் இல்லை, அதே டேக்கை, பனங்காட்டில் வையுங்கள். எதிரொலி, ரிவெர்ப் எதுவும் சேர்க்காதீர்கள். சேர்த்த நொடியில் அது நாடகக் குரல் ஆகிவிடும். அளவை மட்டும் 8 முதல் 10 டெசிபல் குறையுங்கள், தூரத்துக்காக மேல் அலைவரிசையைக் கொஞ்சம் மழுக்குங்கள். ஒரு முறை கூப்பிடுகிறது. இருபது விநாடி கழித்து இரண்டாம் முறை. மூன்றாவது வரவே கூடாது. பார்க்கிறவன் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அடுத்தது அமைதி. எல்லோரும் செய்கிற தவறு, சில்வண்டுச் சத்தத்தை வெட்டினாற்போல நிறுத்திவிட்டு, இரண்டு விநாடியில் 'டமார்' போடுவது. இன்றைய பார்வையாளன் அந்த வெட்டைக் கேட்டதும் காதைப் பொத்துகிறான். சில்வண்டை நான்கைந்து விநாடியில் தேய்த்து இறக்குங்கள். காற்றையும் ஓலைச் சலசலப்பையும் அப்படியே விடுங்கள். ஏதோ குறைந்திருக்கிறது என்று தோன்ற வேண்டும், எது என்று தெரியக்கூடாது. அமைதி முடிந்த பின் எதுவுமே நடக்காமல் சில்வண்டு திரும்ப வரட்டும். அடுத்த முறை அமைதி வரும்போது அவனால் கணிக்க முடியாது.

திடுக்கிடல் ஒன்று வேண்டும் என்றால் 1942இல் வந்த 'கேட் பீப்புள்' படத்தின் பஸ் காட்சியைப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் இருட்டில் நடக்கிறாள், சிறுத்தையாக மாறக்கூடிய இன்னொரு பெண் பின்னால் வருகிற காலடி கேட்கிறது, பிறகு அந்தக் காலடி நின்றுவிடுகிறது. அந்த வெறுமையை நீட்டி, சட்டகத்துக்குள் சீறிக்கொண்டு ஒரு பஸ் வந்து நிற்கிறது. சிறுத்தையின் சீற்றம் என்று ஒரு கணம் நம்புகிறோம். இசையே இல்லை, ஒலி கதைக்குள்ளிருந்தே வருகிறது. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் திரைத்தொழிலில் இன்றும் இப்படிப்பட்ட பொய்த் திடுக்கிடலை 'லூட்டன் பஸ்' என்றே சொல்கிறார்கள். உங்களுக்குக் காய்ந்த பனைமட்டை விழுகிற சத்தம் அந்த வேலையைச் செய்யும். ஆனால் படத்துக்கு ஒன்றே ஒன்று.

இரண்டு எச்சரிக்கை. போனில் பார்ப்பவர்களே அதிகம் என்பதால் அடிவயிற்றை அதிரவைக்கும் தாழ்ந்த ஒலியை நம்பாதீர்கள். போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. இரண்டாவது, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் மைக்கைக் கொன்றுவிடும். ரோம உறை கட்டாயம், ரெக்கார்டரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். முடிந்தால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் எடுத்துவிடுங்கள். ஓலைச் சலசலப்பைத் தனியாக இரண்டு நிமிஷம் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டகம்:

பேயை எப்போ காட்டணும்னு கேட்டிருக்கீங்க. என் கணக்கு: பத்தாவது நிமிஷத்துக்கு முன்னாடி வேண்டாம், காட்டினாலும் கேமரா அதைக் கண்டுக்கக்கூடாது. 1961இல் வந்த 'தி இன்னசன்ட்ஸ்' படத்தில் பட்டப்பகலில், குளத்துக்கு அக்கரையில், நாணல் நடுவில் கறுப்பு உடையில் ஒரு உருவம் சும்மா நிற்கும். பாய்ச்சல் இல்லை, ஓட்டம் இல்லை. தூரமும் அசைவின்மையும் அத்தனை வேலை செய்யுது. நீங்க செய்யவேண்டியது, நாயகன் முன்னால் வண்டியைப் பார்த்துக்கிட்டு இருக்க, பின்னால் பனைகளுக்கு நடுவில் ஒரு பனை கூடுதலா இருக்கணும். ஃபோகஸ் அவன் மேலயே இருக்கட்டும். ஐந்து விநாடி அந்தக் காட்சியை வெட்டாம பிடிங்க. போன் திரையில், சட்டக உயரத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே போனா யாருக்கும் தெரியாது, நாலில் ஒரு பங்கைத் தாண்டினா எல்லாருக்கும் உடனே தெரிஞ்சுடும். நடுவில் வச்சுப் பாருங்க.

கால் தரையில் படாதுங்கிற மரபை விட வேண்டியதில்லை. ஜப்பான்லயும் 18ஆம் நூற்றாண்டு ஓவியத்திலேயே பேய்க்குக் கால் வரையாம விட்டிருக்காங்க. வெள்ளைச் சவ உடையும் விரிச்ச முடியும் அவங்க கபுகி நாடக மேடையிலும் உண்டு. அந்தப் பழைய உருவத்தைத்தான் 1998இல் வந்த 'ரிங்கு' படம் அப்படியே எடுத்தது. சேலை மாறல, நடை மாறிச்சு. நடிகையைப் பின்னோக்கி நடக்க வச்சுப் படம் பிடிச்சு, அதைத் திருப்பி ஓட்டினாங்க. உடம்பின் எடை விழுற இடம் தப்பா இருக்கிறதால பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாமலே ஒவ்வாமை வரும். ஆக வெள்ளைச் சேலையை ஒதுக்க வேண்டாம், அது அசையற விதத்தை மாத்துங்க.

நம்ம இடத்துக்கு இரண்டு வழி. ஒண்ணு அதே பின்னோக்கிய நடை. ஆனா தேரிமண், புழுதி இருக்கிற இடத்தில் எடுத்தா தூசி காலுக்குள்ள போய் அடங்குறது தெரிஞ்சு குட்டு உடைஞ்சுடும். மழை பெய்ஞ்ச மண், இல்லன்னா தண்ணி தெளிச்ச இடம் வேணும். புகையும் கூடாது. முந்தானையைப் பின் குத்திடுங்க, இல்லாட்டி அது முன்னாடி பறக்கும். இன்னொண்ணு இதைவிட எளிசு: மூணடி உயர வரப்பு, இல்ல மண்சுவர் ஒண்ணுக்குப் பின்னால் நடிகையைச் சக்கரப் பலகையில் நிற்க வச்சு மெதுவா இழுங்க. நடக்கிற மனுஷன் தலை ஏறி இறங்கும். இது இறங்காது. சுவர் பின்னால் பாதை சமமா இருக்கணும், ஒரு கல் தட்டினாலும் போச்சு.

வெளிச்சம்: பேனலை ஆளுக்கு எதிரே வைக்காதீங்க. 10, 12 அடி ஏணி மேல, ஆளுக்குப் பின்பக்கம், பனைகளுக்கு ஊடால. பேனல் 5600 கெல்வின், கேமராவோட ஒயிட் பேலன்ஸ் 4300ன்னு வச்சா அளவான நீலம் வரும். 3200ல வச்சா டிவி சீரியல் நிலா ஆயிடும். முகத்துக்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் போதும். ஷட்டர் 1/50. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டீக்கடை ட்யூப்லைட் அப்போதான் துடிக்காது. காற்றாலை சிவப்பு விளக்கு மினுங்குற திசையைத் தவிருங்க. அகலக் காட்சி எல்லாத்தையும் சூரியன் மறைஞ்ச 20 நிமிஷத்துக்குள்ள எடுத்துடணும். நம்ம பக்கம் அந்தி சீக்கிரம் கறுத்துடும், அதுக்குப் பிறகு ஒரு பேனலால பனங்காட்டை நிரப்ப முடியாது.

பைக் தேர்வு முக்கியம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில் எஞ்சின் ஓடுற வரைக்கும் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. பழைய வண்டி எடுங்க. அதில் எஞ்சின் வேகம் குறைஞ்சா விளக்கும் மங்கும், முறுக்கினா பிரகாசமாகும். வண்டி திணறும்போது வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி வரும். காசு கொடுத்தாலும் கிடைக்காத உத்தி அது.

மகுடம்:

கோயில் காட்சி பற்றி யாரும் தொடலை, அதனால் நான் சொல்றேன். சுடலைமாடனும் இசக்கியும் பேய் இல்லை, தெய்வம். பல குடும்பத்துக்குக் குலதெய்வம். நம்ம கதைப்பாடலில் அநியாயமாய்ச் செத்தவங்க வாதையாகி, அதாவது அலையுற ஆவியாகி, பிறகு பீடம் வாங்கித் தெய்வமாகிற பாதை இருக்கு. உங்களுக்கு வேண்டியது அந்தப் பாதையின் முதல் பாதி மட்டும்: பீடம் கிடைக்காத ஒரு வாதை. பேரில்லாம வச்சுக்கோங்க. மாடன் பீடத்தைக் காட்டி அங்கிருந்து பயத்தைக் கிளப்பினா கதையும் தப்பாகும், ஊரும் கோபப்படும். மாடன் ஊரைக் காக்கிறவர்.

மகுடம் உச்சம், மந்தம் என்று இரண்டு. மாடன் கோயில் விழாவில் ஆடுற கணியான் கூத்தில் அதன் அடி முடுக ஆரம்பிச்சா சாமியாடிக்கு அருள் வரும். அந்த அடியைப் படப்பிடிப்பில் ஸ்பீக்கரில் போடாதீங்க. வேடிக்கை பார்க்க வந்தவங்க ஆட ஆரம்பிச்சா படப்பிடிப்பு அங்கேயே நின்றுடும், அவங்களை அந்த நிலையில் கேமராவால் பிடிக்கிறதும் முறையில்லை. கேட்டே ஆகணும்னா காதில் இயர்போன்.

ஆனா கோயில் கொடைவிழாவில் உங்களுக்கு உதவுற ஒரு வழக்கம் இருக்கு. நடுச்சாமத்தில் மாடன் வேட்டைக்குச் சுடுகாட்டுக்குப் போகும்போது யாரும் எதிரே வரக்கூடாது. வழிநெடுகக் கதவு சாத்தியிருக்கும். வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியறது சலங்கைச் சத்தமும், கதவிடுக்கு வழியா தரையில் நகர்ற பந்த வெளிச்சமும்தான். பார்க்கக்கூடாதுங்கிற கட்டுப்பாடே அங்கே பார்வையைக் கூர்மையாக்குது. இந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கோங்க, மாடனை எடுக்காதீங்க. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினவன் தரையைப் பார்த்துக்கிட்டு நிற்கட்டும், இடுக்கில் வெளிச்சம் நகரட்டும்.

வில்லுப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். அங்கே கூடியிருக்கிற அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். தலைமைப் பாடகரான அண்ணாவி ஒரு வரியைப் பாட, பின்பாட்டு அதையே திரும்பப் பிடிக்க, ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் கூடும். சாவு வரப்போகுதுன்னு தெரிஞ்சே சனம் அசையாம இருக்கும். மர்மத்தை ஒளிச்சு வைக்கணும்னு ரொம்ப மெனக்கெடாதீங்க.

பனையடி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. பீடத்தையும் மகுடத்தையும் எடுத்துடுதோம். கரித்துண்டும் டீக்கடையும் உறுதி. பொருநைக்கரை அண்ணாச்சி கிட்ட ஒரு கேள்வி: கடைசியில் சட்டியைத் திறந்து காட்டணுமா? குழம்பு அப்படியே இருக்க, கறி மட்டும் இல்லாம? இன்னொண்ணு, உச்சிப்பொழுதுன்னு சொன்னீங்களே, நாலு ராத்திரியை ரெண்டாக் குறைச்சு ஒரு பகுதியைப் பகல்ல எடுக்க வழி இருக்கா?

பொருநைக்கரை:

திறங்க. ஆனா அவன் திறக்கக்கூடாது. வீட்டில் இருக்கிற அம்மா, எதுவும் தெரியாம, கரண்டியை விட்டுத் துழாவணும். கரண்டி அடியில் தட்டுற சத்தம் இரண்டு மூணு தடவை கேட்கட்டும். "அக்கா கறியே போடலையாடே" என்று அவள் கேட்கிறதோட வெட்டிடுங்க. சட்டிக்குள்ளே கேமரா போக வேண்டாம். இங்கே நம்ம நண்பர் சட்டகம் வேறு மாதிரி சொல்லலாம், ஆனா குழம்பின் அண்மைக் காட்சி அருவருப்பைத்தான் கொண்டு வரும். பயத்துக்கு அந்த அம்மா குரலே போதும்.

பகல் காட்சி தாராளமா வைக்கலாம். அக்கா வீட்டுக்குப் போகிற வழி உச்சிவெயிலில் இருக்கட்டும், அதே சுமைதாங்கிக் கல், அதே பனைகள். பார்வையாளனுக்கு இடம் பழகிடும், ராத்திரிக்கும் அது உதவும். திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வடக்கில் இருக்கிறதால ஏப்ரல் இரண்டாம் வாரமும் ஆகஸ்ட் கடைசியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாள்களில் 12 மணி 20 நிமிஷ அளவில் ஆளின் நிழல் காலடியில் ஒடுங்கிடும், பனையின் நிழல் தூரைச் சுற்றி ஒரு வட்டமா விழும். பேய்க்கு நிழல் கிடையாதுன்னு கேட்டு வளர்ந்தவன் அந்தச் சட்டகத்தில் யாருக்குமே நிழல் இல்லாததைக் கவனிப்பான். கேமராவை உயரத்தில் வச்சாத்தான் தரை தெரியும், ஏணியை அன்னைக்கும் கொண்டு போங்க. நிழல் நல்லா ஒடுங்கி நிற்கிறது முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிஷம்தான், அதனால ஒத்திகையைப் 11 மணிக்கே முடிச்சுடணும். கேமராவுக்குக் குடை பிடிக்க ஓர் ஆள் தனியா வேணும், அந்த வெயிலில் சூடேறி அணைஞ்சுடும். ஏப்ரலில் எடுத்தா காற்றும் இன்னும் ஏறியிருக்காது.